நெய்வேலிக்கு வேண்டாத முழக்கம்

கடலூர் மாவட்டத்தில் வேலை கேட்டு எங்கே பந்தல் போட்டாலும் 'மண்ணின் மைந்தர்களுக்கே வேலை' என்று ஒரு தட்டி தொங்கும். நெய்வேலி ஆர்ச் கேட் எதிரில் அதைப் பார்க்கலாம், சிதம்பரத்துச் சுவரொட்டிகளிலும் பார்க்கலாம். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த முழக்கம் எந்த நாட்டில் எழுந்தாலும் அது இல்லாதவன் குரல்தான், அதில் குறை காண என்ன இருக்கிறது என்பது நம்மூரில் வேரூன்றிப்போன நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கே இந்த முழக்கம் கேடாக முடியும்.

மலேசியாவைப் பாருங்கள். அங்கே இதே முழக்கம் அரசாங்கத்தின் கொள்கை. மலாய்க்காரர் போன்றோரை, மண்ணின் மைந்தர் என்ற பொருளில், பூமிபுத்ரா என்கிறார்கள். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. நிறுவனப் பங்குகளில் 30 சதவீதத்தை 1990-க்குள் பூமிபுத்ராக்கள் கையில் சேர்ப்பது அதன் இலக்குகளில் ஒன்று. மலாய்க்காரர்களில் பெரும்பாலோர் அன்று ஏழைகள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் தோட்டத் தமிழன் எங்கே நின்றான்? தஞ்சாவூரிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் ஆள்பிடித்த கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். காட்டை வெட்டி, ரப்பர் மரம் சீவி, தண்டவாளம் போட்ட பரம்பரை. மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து அந்த மண்ணிலேயே புதைந்தும் அவர்கள் மைந்தராகவில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயத்துக் குடும்பங்களுக்கு வேலையோடு வீடும் போயிற்று. 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராஃப் என்ற இந்தியர் உரிமை இயக்கம் அழைத்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் வீதியில் திரண்டபோது கிடைத்தது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும்.

இலங்கையிலும் இதே கதைதான். அங்கே தேயிலைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்பாயில் 1966-இல் சிவசேனா பிறந்ததும் மண்ணின் மைந்தர் பேரைச் சொல்லித்தான். அன்று உதை வாங்கியவர்களில் தமிழன் இருந்தான்.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வளைகுடாச் சம்பளத்தில் எழும்பிய வீடுகள் எத்தனை! சவூதி அரசு 2011-இல் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்து, நிறுவனங்கள் இத்தனை விழுக்காடு சவூதிக்காரர்களை வைத்தே தீரவேண்டும் என்றது. 2013-இல் கெடுபிடி இறுகியதும் இந்தியர்கள் பல்லாயிரம் பேர் பெட்டியைக் கட்டினார்கள். அந்த நாட்டு இளைஞனுக்கு அது வேலைவாய்ப்பு. நம் கடலோரத்துக் குடும்பத்துக்கு அது மகள் கல்யாணம் தள்ளிப்போன வருஷம்.

ஆக, முழக்கம் ஒன்றுதான். ஆட்சியும் எண்ணிக்கையும் யார் பக்கம் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது ஓரிடத்தில் கோரிக்கையாகவும் இன்னோரிடத்தில் விரட்டும் தடியாகவும் ஆகிறது. ரங்கூனிலும் பம்பாயிலும் அடிபட்டுத் திரும்பியவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நெய்வேலியின் குறை பொய்யில்லை. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து ஊர் ஊராக மண் பறிபோயிருக்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளியாகவே தலை நரைத்திருக்கிறார்கள். 2022-இல் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பயிற்சிப் பொறியாளர்களை எடுத்தபோது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இடமில்லையே என்று கட்சிகள் கண்டித்தன. 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெல் வயலுக்குள் பொக்லைன்கள் இறங்கின. பரவனாறு மாற்று வாய்க்கால் வெட்ட வேண்டுமாம். நிலத்தை எப்போதோ எடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். பயிரோடு சேற்றைப் புரட்டிப் போட்ட அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்தது என்று உயர்நீதிமன்ற நீதிபதியே சொன்னார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவானது.

அந்த வயலில் நாற்றுப் பறித்து நடவு நட்டது யார்? இந்த வட்டாரத்தில் வயல்வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் காலனித் தெருப் பெண்கள். அவர்கள் பெயரில் பட்டா கிடையாது. ஏக்கர் கணக்கில் வரும் பணம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வராது. மைந்தர் என்று மேடையில் முழங்கும்போது பட்டாதாரரைத்தான் மனதில் வைத்து முழங்குகிறோம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் இது புதுக் கதையில்லை. பழங்கதையில் வரும் பண்ணையாள் நந்தனை உழச் சொன்ன ஊர் அவனுக்கு ஒரு சாண் நிலம் எழுதிவைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொறியாளர் தேர்வு விதியை வகுப்பவர்கள் நம் முழக்கம் காதில் விழாத உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது போய் விழுவது, சிதம்பரம் ரயிலடியில் மூட்டையோடு இறங்கும் பீகார்ப் பையன் மேல். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை மெய்ப்பித்தது. ஆனாலும் அந்தப் பொய்யைப் பீகாரில் அத்தனை பேர் உடனே நம்பியதற்கு நம் மேடைப் பேச்சுகளுக்கும் பங்குண்டு என்பேன்.

பிறகு எப்படித்தான் கேட்பது என்பார்கள். பிறந்த இடத்தைச் சொல்லிக் கேட்டால் அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவே குறுக்கே நிற்கும். பிறப்பிடம் பார்த்து அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது அது. தனியார் வேலையில் 75 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தையும் 2023 நவம்பரில் அந்த மாநில உயர்நீதிமன்றம் தூக்கியெறிந்தது. நிலம் போயிற்று, பிழைப்பு போயிற்று, அதற்கு ஈடு கொடு என்று கேட்பது வேறு வழக்கு. அது கடன் பாக்கி கேட்பது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் யார் என்று எழுதும்போது நில உடைமையாளரோடு நிற்கவில்லை. நிலம் எடுப்பதற்கு முன் மூன்றாண்டு அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த குத்தகைக்காரரையும், வாரக்காரரையும், விவசாயக் கூலியையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. வேலை, இல்லையென்றால் 5 லட்சம் ரூபாய், அதுவும் இல்லையென்றால் 20 ஆண்டுக்கு மாதத் தொகை என்று மறுவாழ்வுக்கு வழியும் சொல்கிறது. நெய்வேலி நில எடுப்பில் இந்த வரையறை ஒவ்வொரு கூலிக் குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும் என்றுதான் கட்சிகள் ஆர்ச் கேட்டில் உட்கார வேண்டும். வளையமாதேவியிலும் பக்கத்து ஊர்களிலும் பட்டா இல்லாத கூலிக்காரர்களின் பெயர்ப்பட்டியலை முதலில் எழுதட்டும். தட்டி எழுதுவது அதற்குப் பிறகு.