காணிப் பெயரும் கிணற்று நீரும்

யாழ்ப்பாண நகரின் புறத்தே வீடுகட்டக் காணி தேடுவோர் இந்நாளில் இரண்டு வினாக்களையே எழுப்பக் காண்கின்றோம். பல்கலைக்கழகத்துக்கு எத்துணைத் தூரம் என்பது ஒன்று. இஃது உரத்த குரலிற் கேட்கப்படுவது. அயல் எப்படிப்பட்டது என்பது மற்றொன்று. இது தரகரின் செவியில் மெல்லக் கேட்கப்படுவது. ஈண்டு அயல் என்றது அயலாரின் குணத்தை அன்று, சாதியையே என்பதை யாவரும் அறிவர். குடிக்கும் நீர் எத்தகையது என்னும் வினாவோ, விலைபேசி, உறுதி முடித்து, அத்திவாரமும் வெட்டிய பின்னரே பலருக்கு நினைவில் எழுகின்றது.

முதல் வினா நியாயமானதே. சேர் பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய நாள்முதல் திருநெல்வேலியின் முகம் மாறலாயிற்று. ஆசிரியரும் அலுவலரும் அருகிற் குடியிருக்க விரும்புவர். மாணவருக்கு அறைகளை வாடகைக்கு விடலாம் என்று எண்ணுவாரும் உளர். அதன் பயனாக, வாழையும் வெங்காயமும் விளைந்த செம்பாட்டுத் தோட்டங்கள் ஒரு பரப்பு, இரண்டு பரப்பு எனத் துண்டாடப்படுகின்றன.

ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். சதுரமாயின் பக்கம் ஏறத்தாழ 52 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டும் என்பது நெடுநாளாக வழங்கும் கணக்கு. அச்சிறு துண்டில் வீட்டையும் எழுப்பி அவ்விடைவெளியை எங்ஙனம் காண்பது? நம் குழியை நம் கிணற்றினின்றும் விலக்கினால் அஃது அடுத்த வளவுக் கிணற்றை அண்மிவிடுகின்றது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அதனையே அனைவரும் அள்ளுகின்றோம். பாறைக்கு வேலி தெரியாது. அயலாரின் சாதியை விசாரித்து வாங்கியவரும் அவ்வயலாரின் குழியில் ஊறியதைச் சேர்த்தே முகந்து குடிக்கின்றார். நைத்திரேற்று, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்த கிணறுகள் குடாநாட்டிற் பல உள என ஆய்வாளர் கண்டுள்ளனர். தோட்டத்துக்கு இடும் செயற்கைப் பசளைக்கும் அதிற் பெரும் பங்குண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் இது சிறிய விடயம் அன்று.

தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதே, குழாய்நீர் வருமே என்பாரும் உளர். வரட்டும். குழாய் வந்ததனால் கிணறு தூய்மை அடைந்துவிடாது.

இனி, தமிழாசிரியனாதலின் ஓரிடத்திற் சற்று நிற்க விழைகின்றேன். நம் முன்னோர் காணிதோறும் ஒரு பெயரிட்டு உறுதியில் எழுதிவைத்தனர். பெயர் கலட்டி என்று முடியுமாயின் அது கல்லடர்ந்த நிலம். பயிருக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகும். தரவை என்பது மாடு மேய விட்ட தாழ்ந்த வெளி. பள்ளம் என்பதற்கு உரை வேண்டா. கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றிலுள்ள வில் என்பது நீர்நிலையைக் குறிக்கும் ஈழத்து வழக்கு என்பர். அவ்வூர்கள் வெள்ளத்துள் கிடக்கின்றன என்பது பொருளன்று. மழைநீர் முன்னர் எங்கே தங்கிற்று, இன்று எங்கே போகின்றது என்று அங்குக் காணி வாங்குவோர் வினவுதல் நன்று என்பதே. நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது எல்லைக்கும் விலைக்கும் செவிகொடுப்போர் காணிப் பெயரைக் கேளாது விடுகின்றனர். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்குவோரும் நீரை அழித்துவிடுவதில்லை; அயல் வளவுக்கு அனுப்பிவைக்கின்றனர். 2008 கார்த்திகையிலும் 2024 கார்த்திகையிலும் பெய்த பெருமழையைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பல்கலைக்கழக வாயிலிலுள்ள செம்பாட்டுத் துண்டினும், சைக்கிளிற் சென்றுவர இரண்டு மைல் ஆயினும் அப்பாலுள்ள கலட்டிக் காணியே மேல் என்பது எமது கருத்து. செம்பாட்டைத் தோட்டக்காரருக்கு விட்டுவிடலாம். காணியை இருமுறை பார்த்தல் வேண்டும்: ஆவணியில் நீர் அடிக்கு இறங்கியபோது கிணற்றில் ஒரு வாளி அள்ளிச் சுவைத்தும், கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் ஒழுங்கையில் நடந்தும் பார்த்தல் வேண்டும். முற்பணம் கொடுக்குமுன் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புக. அயலைப் பற்றி விசாரித்தே ஆகவேண்டும் என்போர், நாற்புறத்து மலக்குழிகளும் எங்கெங்கே உள்ளன என்று விசாரிப்பாராக.