நம் தொட்டிக்கு முதல் மீன் நம் நாட்டு மீனாகட்டும்

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்க வேண்டும் என்ற ஆசை இன்று கள்ளக்குறிச்சியில் பல இல்லங்களில் காணப்படுகிறது. பிறந்த நாளுக்குப் பாவாடை கேட்ட தங்கை இப்போது மீன்தொட்டி கேட்கிறாள். தந்தையும் மனமுவந்து வாங்கித் தருகிறார். தங்க மீன், கப்பி, மோலி என்று வளர்த்துப் பார்த்தவர்களின் பார்வை அடுத்தபடியாகக் 'கில்லி மீன்' பக்கம் திரும்புகிறது. அந்த இனத்தில் எதை முதலில் வாங்குவது என்ற கேள்விக்கு அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் கலந்து பேசி எட்டிய முடிவைத் தோழியர், அருட்சகோதரியர், பெற்றோர் அனைவர் முன்னும் வைக்கிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கில்லி என்றதும் நம் தம்பிமார்க்குக் கிட்டிப்புள் நினைவுக்கு வரும். ஆங்கிலம் படித்தவர்களுக்கோ இது கொல்லும் மீனோ என்ற ஐயம் எழும். இரண்டும் இல்லை. டச்சு மொழியில் 'கில்' என்றால் சிற்றோடை. ஓடையில் வாழும் சிறு மீன் என்பதே இப்பெயரின் பொருள். ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா, ஐரோப்பா எனப் பல கண்டங்களிலும் இவ்வினங்கள் உண்டு. நிறத்தில் இவற்றை மிஞ்சும் நன்னீர் மீன்கள் குறைவு. ஆசை பிறப்பதும் அந்த நிறத்தினால்தான், தவறு நேர்வதும் அந்த நிறத்தினால்தான்.

அழகை மட்டும் பார்த்தால் போதுமா?

படங்களில் நம் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்க இனங்கள். அவற்றுள் 'நோத்தோபிராங்கியஸ்' என்னும் வகை வியப்புக்குரியது. மழைக் காலத்தில் தேங்கும் குட்டைகளில் பிறந்து, விரைவாக வளர்ந்து, சேற்றில் முட்டையிட்டு, குட்டை வற்றும்போது மடிந்துவிடும். முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். இவற்றுள் ஓர் இனம் இயற்கைச் சூழலில் 14 நாட்களிலேயே பருவமடைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு சிறப்பிருந்தும் முதல் மீனாக இது ஏற்றதன்று. சில மாதங்களே அதன் ஆயுள். ஆசையோடு பெயரிட்டு வளர்க்கும் குழந்தை, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணி அழும். முட்டையைக் கரி மண்ணில் காயவைத்து, நாள் கணக்குப் பார்த்து மீண்டும் நனைக்கும் கலையும் முதல் ஆண்டிலேயே கைவருவதில்லை.

மற்றொரு வகை 'அஃபியோசெமியான்'. இவற்றில் பல, மேற்கு, நடு ஆப்பிரிக்கக் காடுகளில் மர நிழலில் ஓடும் குளிர்ந்த ஓடைகளைச் சேர்ந்தவை. நீரின் வெப்பம் ஏறக்குறைய 21 முதல் 24 டிகிரி வரை இருந்தால்தான் அவை நலமாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை எண்ணிப் பாருங்கள். மின்விசிறிக்கு அடியில் நாமே வாடும் நாட்களில் அந்த மீன் என்ன பாடுபடும்! வெள்ளிமலையில் வீடு உள்ள தோழிக்கு ஒருவேளை பொருந்தலாம். அடிவாரத்தில் உள்ள நமக்குப் பொருந்தாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது மீனுக்கும் பொருந்தும் பழமொழிதான்.

நம் நாட்டுக் கில்லி

நம் நாட்டிலேயே கில்லி மீன் இருக்கும்போது கடல் கடந்து தேடுவானேன்? 'அப்ளோகைலஸ்' என்பது அதன் பேரினப் பெயர். மீன் வளர்ப்போர் 'பஞ்சாக்ஸ்' என்பார்கள். 1822-இல் கங்கை நதி மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஹாமில்டன், வங்காளத்து மக்கள் வழங்கிய பெயரையே ஓர் இனத்துக்கு இட்டார். அதிலிருந்து வந்ததே பஞ்சாக்ஸ். ஆக, பெயரும் நம் நாட்டுப் பெயரே.

இம்மீனை அடையாளம் காண்பது எளிது. தட்டையான தலை, மேல்நோக்கிய வாய், அந்தத் தலையின் உச்சியில் வெள்ளியாய் மின்னும் ஒரு பொட்டு. நீரின் மேற்பரப்பை ஒட்டியே அசையாமல் நிற்கும். மலையாளத்தில் இதை 'மானத்துக்கண்ணி' என்கிறார்கள். வானத்தைப் பார்க்கும் கண்ணுடையவள் என்பது பொருள். நாங்கள் எங்களுக்குள் 'பொட்டு மீன்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதில் இரண்டு இனங்களைத் தோழியர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று வரிப் பஞ்சாக்ஸ். சுமார் 10 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் மீனின் உடலில் பொன்னும் பச்சையுமாகச் செதில்கள் வரிசை வரிசையாக ஒளிரும். பெண் மீனின் உடலில் கருங்கோடுகள் தெளிவாக இருக்கும். அதன் முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று மஞ்சள் நிறத்தில் விற்கிறார்களே, அது இதே இனத்திலிருந்து வளர்ப்பாளர்கள் தெரிந்தெடுத்துப் பெருக்கிய வகைதான். வெளிநாட்டு மீன் என்று எண்ணி அதைக் கேட்பவர் பலர். நம் வீட்டுப் பெண்ணே மஞ்சள் பட்டுடுத்தி வந்து நிற்பதைப் போன்றது அது!

இரண்டாவது குட்டிப் பஞ்சாக்ஸ். இதன் அளவு முன்னதில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். இதை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தவர் சுந்தரராஜ் என்னும் அறிஞர். சென்னைப் பகுதியின் நன்னீர் மீன்களைப் பற்றி 1916-இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில் இம்மீன் இடம் பெற்றது. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டு அறிஞர் ஒருவர் குளத்தங்கரையில் நின்று கண்ட மீனை, நாம் இன்றும் பெயர் தெரியாமல் கடந்து போகலாமா?

எதை வாங்குவது?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டி இருந்தால் வரிப் பஞ்சாக்ஸ் வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. அத்தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும். இடம் குறைவு என்றால் குட்டிப் பஞ்சாக்ஸ் நலம். வட்டக் கண்ணாடிக் குடுவை இரண்டுக்குமே ஆகாது.

காரணங்கள் இவை. நம் வெயிலை இவ்வினங்கள் தாங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் ஓரளவு கடினமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வரிப் பஞ்சாக்ஸ் நன்கு பேணினால் 3, 4 ஆண்டுகள் வாழும். முட்டையைக் காயவைக்கும் வேலையும் இல்லை.

குணத்திலும் சில எச்சரிக்கைகள் உண்டு. தொட்டிக்கு மூடி கட்டாயம் தேவை. இது துள்ளுவதில் வல்லது. மூடியில்லாத தொட்டியிலிருந்து இரவில் துள்ளிய மீன் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். வாயில் அடங்கும் சிறு மீன்களை வரிப் பஞ்சாக்ஸ் விழுங்கிவிடும். ஆகவே கப்பிக் குஞ்சுகளோடும் நியான் மீன்களோடும் இதைச் சேர்க்க வேண்டாம்.

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விடுவது நம்மவர் வழக்கம். இது பெருந்தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பழைய தொட்டி வைத்திருக்கும் தோழியிடம் அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கினால் நாள் குறையும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

உணவுக்குக் கொசுப் புழுவே விருந்து. பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் புழு கண்டால் வடிகட்டி மீனுக்குப் போட்டுவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டருகே தேங்கும் இத்தகைய நீரில்தான். மீனுக்கென்று புழு வளர்ப்பது மட்டும் கூடாது.

குஞ்சு பொரிக்கவும் ஆசையா? பச்சைக் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டி, தக்கையில் கோத்து மிதக்கவிடுங்கள். பெண் மீன் நாளுக்குச் சில முட்டைகளாக அந்த நூலில் ஒட்டவைக்கும். நூலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். மாற்றாவிட்டால் பெற்றவர்களே தின்றுவிடக்கூடும்! வைக்கோல் ஊறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் மிகச் சிறு குஞ்சுகளுக்கு முதல் உணவாகும்.

ஆற்றில் விடாதீர்கள்

இக்கட்டுரையில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மீன் வளர்க்கச் சலித்தவர்களும், ஊர் மாறிப் போகிறவர்களும், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். இரக்கம் நல்லதே. ஆனால் அந்த இரக்கம் ஆற்றுக்குத் தீங்காய் முடிகிறது.

மலேரியாவை ஒழிக்கும் நல்ல நோக்கத்தோடு 1928-இல் கம்பூசியா என்னும் அமெரிக்க மீன் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப் புழுவோடு நிற்கவில்லை. நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றது, துடுப்புகளைக் கடித்தது. உலகின் மிகக் கேடான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இன்று அதற்கும் இடமுண்டு. கொசுப் புழுவைத் தின்னும் பொட்டு மீன் நம் நாட்டிலேயே இருக்க, அயல் மீனை அழைத்து வந்ததன் விளைவு இது. தொட்டி அழுக்கைத் தின்னும் என்று வாங்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீனும் இப்படி விடப்பட்டே தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, பிறகு நம் வயல்களுக்குப் பாய்கிறது. ஓர் இடத்தில் விடும் மீன் அந்த இடத்தோடு நிற்காது. நாட்டு மீன்தானே என்று மஞ்சள் பஞ்சாக்ஸை விடுவதும் தவறே. கடையில் வளர்ந்த மீனின் நோயும், தெரிந்தெடுத்து மாற்றிய குணமும் ஓடை மீன்களிடம் பரவும். வளர்க்க முடியாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது தோழிக்குத் தாருங்கள்.

ஓடையில் பிடித்து வந்து வளர்க்கலாமே என்று கேட்பார்கள். வளர்ப்பாளர் பெருக்கிய மீனையே வாங்குங்கள் என்பது எங்கள் விடை. காப்புக்காட்டு ஓடைகளில் வனத்துறை அனுமதியின்றி மீன் பிடிக்கவே கூடாது. வயல் வாய்க்காலில் கண்டாலும் நின்று பாருங்கள், வரைந்து வையுங்கள், நாளும் இடமும் குறியுங்கள். மேகம் அருவிப் பக்கமுள்ள ஊர்களிலிருந்து வரும் தோழியர் இதில் நமக்கெல்லாம் ஆசிரியைகளாகலாம்.

மீனை அதன் இடத்திலேயே விட்டுவிடுவதுதானே நல்லது என்று சில பெற்றோர் சொல்வதையும் நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் தன் தொட்டியில் ஒரு பொட்டு மீனைப் பேணிய பெண், வாய்க்காலில் குப்பை கொட்டும் கையைத் தடுப்பாள் என்று நம்புகிறோம். அழகுக்காக மட்டும் வாங்கியவளுக்கு அந்த உறவு ஏற்படுவது அரிது.

எனவே தோழியரே, மீன் கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளை மனத்தில் கொள்ளுங்கள். இது எவ்வளவு பெரிதாக வளரும்? நம் ஊர் வெயிலையும் நீரையும் தாங்குமா? இதன் ஆயுள் முழுவதும் நான் பேணுவேனா? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே பணப்பையைத் திறவுங்கள். பெற்றோரே, மகள் தொட்டி கேட்டால் மறுக்க வேண்டாம். தொட்டியோடு ஒரு மூடியும், மீனை விடுவதற்கு முன் ஆறு வாரப் பொறுமையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.