ஹலோ, நான் ஜானி கேஷ்!

இந்த வாரம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு அமெரிக்காவுக்குப் போறோம். அதுவும் ஜெயிலுக்கு!

1968, ஜனவரி 13. கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறைச்சாலை. சாப்பாட்டுக் கூடம் முழுக்க கைதிகள். கறுப்பு டிரஸ்ஸில் ஒருத்தர் மைக் முன்னாடி வந்து, 'ஹலோ, நான் ஜானி கேஷ்'னு சொல்றார். அவ்ளோதான்... இடமே அதிருது!

அப்படி என்ன குரல்? உச்சஸ்தாயிக்குப் போய் மிரட்டுற வேலையெல்லாம் கிடையாது. கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கனமான கீழ்க்குரல். பாதி பாட்டு, பாதி பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் அவசரமே இல்லாம வந்து விழும். ஆரம்பத்தில் அவர் குழுவில் டிரம்ஸ்கூட இல்லை. கிடார் கம்பிகளுக்கு நடுவுல காகிதத்தைச் செருகி, ரயில் ஓடுற மாதிரி 'சக்... சக்...' சத்தத்தை வரவழைச்சார். அவ்ளோ சிம்பிளான இசையில் குரல் ஒளிஞ்சுக்க இடம் ஏது?

ஆர்கன்சா மாநிலத்தின் பருத்திக் காட்டில் வளர்ந்தவர் கேஷ். டீன் ஏஜ்ல அம்மா பாட்டு கிளாஸுக்கு அனுப்பினாங்க. கொஞ்ச நாள்லயே டீச்சர், 'நீ பாடற விதத்தை யாருக்காகவும் மாத்திக்காதே'னு சொல்லி கிளாஸை நிறுத்திட்டாங்களாம். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கார்.

ஃபால்சமில் பாடினப்போ வயசு 35. மாத்திரைப் பழக்கத்தால் கேரியரே ஆட்டம் கண்டிருந்த நேரம். அந்தக் கைதிகளுக்கு அவர் உபதேசம் பண்ணலை. அவங்களில் ஒருத்தரா நின்னு பாடினார். அந்த ஆல்பம்தான் அவரைத் தூக்கி நிறுத்திச்சு.

இப்ப 2002-க்கு வாங்க. வயசு 70. உடம்பு தளர்ந்து, குரல் நடுங்குது. நைன் இன்ச் நெயில்ஸ் ராக் குழுவின் 'ஹர்ட்' பாட்டை அந்தக் குரல்லயே பாடினார். அதை எழுதின ட்ரென்ட் ரெஸ்னரே, 'இனி இது என் பாட்டு இல்லை'ங்கிற அர்த்தத்தில் அசந்துபோய்ப் பேசினார். 2003, செப்டம்பர் 12-ல் கேஷ் இறந்துபோனார்.

'நமக்கெல்லாம் வாய்ஸ் இல்லை மச்சி'னு செமினார் அன்னிக்கு கடைசி பெஞ்சுல பதுங்குற பார்ட்டியா நீங்க? இன்னிக்கு நைட்டு ஃபால்சம் ஆல்பத்தையும் 'ஹர்ட்'டையும் அடுத்தடுத்து கேளுங்க. நடுவுல ஓடினது 34 வருஷம். குரலோட பலம் குறைஞ்சிருக்கும். கம்பீரம்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க!