மாரிக்கு முன் ரயர் மாற்றுவோர்க்கு

மொன்றியலில் வாழும் நம்மவர், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால ரயர் பூட்டியாக வேண்டும்; கியூபெக் மாகாணச் சட்டம் அது. அரியாலையிற் பனி ஏது? எமக்கு ஐப்பசி மாரியே அச்சம். ரயரின் தவாளிப்பு 1.6 மில்லிமீற்றராகத் தேய்ந்துவிட்டால் நீரை விலக்கும் வலிமை குன்றும். ஈர வீதியிற் கார் வழுக்கும்.

ஆயினும் மாற்றும்போதும் ஆபத்து உண்டு. மணல் முற்றத்தில் ஜாக்கி புதைந்தாற் கார் சரியும். அதன்கீழ் அகன்ற மரப்பலகை இடுக. செங்கல் வைப்பாரும் உளர். பாரம் ஏறினால் அது வெடிக்கும்! கைப் பிறேக்கை இழுத்து, மற்றைச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, காரைத் தூக்குமுன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துக. தூக்கிய காரின்கீழ்க் கைகால் நீட்டற்க. பூட்டுகையில் நட்டுகளை எதிரெதிராக இறுக்குக. வரிசையாக இறுக்கினாற் சில்லு கோணலாகப் பொருந்தும். கண்டி வீதியாற் கிளிநொச்சி வரை ஓடியவர், அங்கே மறுபடியும் இறுக்கம் பார்த்துக்கொள்வாராக.