பைத்தானை மனப்பாடம் செய்யலாமா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில், சிவில், மெக்கானிக்கல் என எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் இருந்தது. பாடத்தின் பெயரே 'பிராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்'. முதலில் யோசிக்க வேண்டும், பிறகுதான் கோடிங்!

ஆனால் பல மாணவர்கள் புரோகிராமை மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே விழிக்கிறார்கள்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. சரியாக ஓடும் புரோகிராமில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். என்ன விடை வரும் என்று பேப்பரில் எழுதிவிட்டு, அப்புறம் ரன் செய்யுங்கள். உதாரணமாக, 'ரேஞ்ச்(1, 10)' என்று கொடுத்தால் 10 வராது, 9-லேயே நின்றுவிடும். எரர் வந்தால் பதற வேண்டாம். கடைசி வரியைப் படித்தாலே பெரும்பாலும் தவறு பிடிபடும்.

லேப்டாப் இல்லையா? மொபைல் பிரவுசரில் கூகுள் கோலாப் இலவசம்தான்!