இசைத்தட்டுகளைத் ‘துப்புரவு’ செய்வோருக்கு

சென்ற ரமலானில் வில்லியனூரில் நமக்கு வேண்டிய குடும்பத்தார் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து தந்தனர். அந்த வீட்டுப் பெரியவர் மர்ஹூமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கல்யாண வீடுகளுக்கும் கந்தூரிகளுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர் அவர். சேர்த்து வைத்திருந்த அறுபது இசைத்தட்டுகளைப் பேரப் பிள்ளைகள் ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். “இரைச்சல் ஒரு துளியும் இல்லை, ஹஜ்ரத்!” என்று பெருமையோடு சொன்னார்கள்.

போட்டுக் கேட்டோம். இரைச்சல் இல்லைதான், பாடியவரும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போல ஒரு குரல் கேட்டது. ‘ஸலாம்’ என்ற சொல்லில் முதலெழுத்தைக் காணோம். “தட்டுகள் எங்கே?” என்றோம். “அதுதான் ஏற்றியாகிவிட்டதே” என்று காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. பாகூரிலும் புதுவை நகரிலும் இதையே கண்டோம். ஆகவே கடைக்காரர்களிடமும், அவர்களை நம்பும் நம் படித்த தம்பிமார்களிடமும் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

தஜ்வீது ஓதிய எவரும் ஸாத், ஸீன், ஸாய் ஆகிய மூன்று எழுத்துகளுக்கும் ‘ஸபீர்’ என்னும் சீழ்க்கைத் தன்மை உண்டென்பதை அறிவர். அந்தச் சீழ்க்கை உயர்ந்த அதிர்வுகளில் எழுவது. ஊசி உராயும் சீறலும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. இரைச்சலை நீக்கு என்று கம்ப்யூட்டருக்கு அளவின்றிக் கட்டளையிட்டால், எது உராய்வு, எது எழுத்து என்று அது பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். மக்ரஜ் பிசகாமல் பாட வேண்டுமென்று பாடகர் பட்ட பாடு ஒரு பொத்தானில் போய்விடுகிறது.

அறபுத்தமிழ் ஏடுகளைப் படியெடுத்த நம் முன்னோர் என்ன செய்தார்கள்? மூலத்தில் பிழையென்று தோன்றினாலும் உள்ளதை உள்ளபடியே எழுதினர். தம் திருத்தத்தை ஓரத்தில் ஹாஷியாவாகக் குறித்தனர். பிறகு மூலத்தையும் படியையும் அருகருகே வைத்து ‘முகாபலா’ செய்தனர். திருத்தத்தை மூலத்துக்குள் புகுத்தியவனை யாரும் அறிஞன் என்று சொன்னதில்லை. இரைச்சல் நீக்குவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. தாராளமாகச் செய்யட்டும், ஆனால் வேறொரு படியில் செய்யட்டும். முதற்பதிவு தட்டில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

(பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தந்த செய்தியைச் சொல்கிறது. செம்பைத் துலக்கும் சாக்கில் எழுத்தையும் தேய்த்திருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?)

அடுத்தது அளவு. கடைக்காரர் ஏற்றியது எம்பி3. காது கவனிக்காது என்று கணக்கிட்டு ஒலியின் பகுதிகளைக் கழித்துவிடும் முறை அது. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி இடம் போதும்; அந்தச் சிக்கனத்தில் போனது திரும்பி வராது. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் காப்புப் பதிவுக்குக் குறைந்தது வினாடிக்கு 48,000 மாதிரிகளும் 24 பிட்டும் வேண்டுமென்கிறது. 96,000 எடுத்தால் இன்னும் நலம் என்கிறது. கோப்பு, எதையும் கழிக்காத வேவ் வடிவில் இருக்க வேண்டும்.

“அரக்குத் தட்டில் அவ்வளவு உயர்ந்த ஒலியே கிடையாதே, 96,000 எதற்கு?” என்று ஒரு தம்பி நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி. பாட்டுக்கு அது வேண்டியதில்லை, கீறலுக்கு வேண்டும். கீறலில் ஊசி துள்ளும் ஓசை கணநேரத்தில் எழுந்து அடங்குவது. அதன் உருவம் கூர்மையாகப் பதிந்திருந்தால்தான் நாளை வரும் நல்ல கருவி அதைப் பாட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியும். குறையைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்தால்தான் பிறகு நீக்கலாம். இடம் போதாது என்பதும் வீண்பேச்சு. இருபுறமும் சேர்த்து ஆறு நிமிடம் ஓடும் நூறு தட்டுகள் இந்த அளவில் 21 ஜிபிக்குள் அடங்கிவிடும். கல்யாண வீடியோவுக்கு இதைவிட அதிகம் ஒதுக்குகிறோம்.

ஒலியளவையும் பேராசையோடு ஏற்றக் கூடாது. அளவுமானி சிவப்பைத் தொட்டால் உச்சிகள் வெட்டுண்டுவிடும். உரத்த இடமும் மேல்வரம்புக்கு ஆறு டெசிபல் கீழே நிற்கட்டும். 24 பிட்டில் அதனால் நட்டமில்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுக்கு எல்.பி. ஊசியைப் போடுவது பெரும்பிழை. அந்தப் பள்ளம் அகலமானது. ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். மெல்லிய ஊசி அடியில் கிடந்து புழுதியைத்தான் பாடும். தட்டு மோனோவாயினும் இரு தடங்களிலும் பதிய வேண்டும். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மறுசுவர் கைகொடுக்கும். தட்டின் நடுவே ஒட்டிய தாளையும் படமெடுத்து வையுங்கள். பாடியவர் பெயரும் தட்டின் எண்ணும் அந்தப் பதிவுக்கு ஸனது போன்றவை.

2015 ஏப்ரலில் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனிபாவின் புகழ்பெற்ற பாடல்கள் எங்கும் கிடைக்கும். அவற்றைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஒன்றிரண்டு தட்டுகளோடு நின்றுபோன பாடகர்களும் உண்டு. அவர்கள் குரல் உங்கள் வீட்டுப் பரணில் மட்டுமே இருக்கலாம். காயலான் கடைக்காரர் அதை எடை போட்டு வாங்குகிறார்.

வில்லியனூர் வீட்டில் இரண்டு தட்டுகள் தப்பியிருக்கின்றன. ஓரம் உடைந்தவை என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தாராம். உடைவு பாட்டுப் பள்ளம் வரை எட்டவில்லை. பருத்த ஊசிக்குச் சொல்லியிருக்கிறோம். அது வந்த மறுவாரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு அவற்றை இரைச்சலோடு பதிவு செய்வதாக இருக்கிறோம்.