நீலச் சட்டை முயல் வாங்கிக் கொடுத்த நிலம்

போன மாதம் என் பேத்தி ஒரு படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தாள். அம்மா பேச்சைக் கேட்காமல் அடுத்தவர் தோட்டத்துக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும் நீலச் சட்டை முயல்குட்டியின் கதை. பீட்டர் ராபிட் என்றால் உங்கள் வீட்டுச் சுட்டிகளுக்கும் தெரிந்திருக்கும்.

படித்து முடித்ததும், "பாட்டி, அந்தத் தோட்டமெல்லாம் இப்பவும் இருக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவளுக்குச் சொன்ன பதில்.

கதையை எழுதிய அம்மாளின் வீடும் தோட்டமும் இன்றைக்கும் இருக்கின்றன. தானாக இருந்துவிடவில்லை. அவர் யோசித்து எழுதிவைத்த உயில்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

பீயாட்ரிக்ஸ் பாட்டர் 1866-ல் லண்டனில் பிறந்தவர். தமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மாவின் பிள்ளை உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, 1893-ல் அவனுக்குப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதில் பிறந்ததுதான் இந்த முயல். பதிப்பாளர்கள் கையை விரித்துவிட்டதால் 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த வருடம் ஒரு கம்பெனி வெளியிட்டதும் புத்தகம் பறந்தது.

1905-ல் நிச்சயம் செய்துகொண்ட மாப்பிள்ளை ஒரே மாதத்தில் இறந்துபோனார். அந்த வருடமே, வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்டிரிக்ட் பகுதியில் 'ஹில் டாப்' என்ற பண்ணையை வாங்கினார். 47 வயதில் உள்ளூர் வக்கீல் ஒருவரை மணந்து, திருமதி ஹீலிஸ் ஆகி, ஆடு வளர்க்கும் சம்சாரி அம்மாளாகவே மாறிவிட்டார். புத்தகத்தில் வந்த பணத்தையெல்லாம் நிலத்தில் போட்டார். அழகான இடமாயிற்றே, பங்களா கட்ட ஆட்கள் மொய்ப்பார்களே என்ற கவலை அவருக்கு!

1943 டிசம்பரில் அவர் கண்ணை மூடியபோது, 14 பண்ணைகளும் ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலமும் 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்புக்கு என்று உயிலில் இருந்தது. இயற்கை அழகையும் பழைய கட்டடங்களையும் காப்பதற்காக 1895-ல் தொடங்கிய அமைப்பு அது. ஒரு நிலத்தை 'விற்கக்கூடாதது' என்று அறிவிக்கும் அதிகாரத்தை 1907-ஆம் வருடச் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விஷயம். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் என்ற நாட்டு ஆடுகளையே வளர்க்க வேண்டும் என்றும் எழுதினார். அந்த ஆடுகளுக்கு வேலி வேண்டாம். எந்தச் சரிவு தன்னுடையது என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்தே தெரிந்துகொள்ளும். மந்தையை விற்றுவிட்டால் அந்த அறிவும் போய்விடும். நிலத்தோடு, அதை நிலமாக வைத்திருப்பது எது என்பதையும் சேர்த்து யோசித்திருக்கிறார் பாருங்கள்!

இப்போது என் கதை. என் பெரியம்மாவுக்குக் குழந்தை கிடையாது. தாத்தா கொடுத்த மாந்தோப்பு ஒன்று அவர் பேரில் இருந்தது. ஓரத்தில் சின்னக் குட்டை. "நான் போனப்புறமும் இங்கே ஒரு மரத்தை வெட்டக்கூடாதுடி. குருவிங்க எங்கே போகும்?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னாரே தவிர, எழுதவில்லை. அவர் போனபின் தோப்பு வாரிசுகளுக்கு வந்தது. அம்மா இல்லாததால் அவள் பங்கு எனக்கு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். ஆறே மாதத்தில் குட்டையைத் தூர்த்து மனைக்கல் நட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய பீரோ என் அறையில்தான் நிற்கிறது.

யாரையும் குறை சொல்லி என்ன? வாய்வார்த்தை பத்திரம் ஆகாது.

அதனால், விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் நிம்மதி. உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதலாம். கடைசி உயில்தான் செல்லும்.

முக்கியமான ஒன்று: "மகனுக்கே கொடுக்கிறேன், ஆனால் விற்கவே கூடாது" என்று எழுதினால் அந்த நிபந்தனை பெரும்பாலும் நிற்காது. முழு உரிமையும் கொடுத்தபின் கையைக் கட்ட முடியாதாம். நிலம் நிலமாகவே இருக்க வேண்டுமானால், அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு அறக்கட்டளைக்கு எழுதுவது நல்லது. ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்புக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். மதத்துக்கு மதம் வாரிசுச் சட்டம் வேறுபடும் என்பதால் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

என் பேரில் ஒன்றரை ஏக்கர் புன்செய் இருக்கிறது. வேம்பும் புங்கனும் தானே முளைத்த காடு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். மகன் முகம் சற்று வாடிற்று. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா அம்மா?" என்றான். நியாயமான கேள்விதானே? "வீடு உங்க ரெண்டு பேருக்கும். காடு மட்டும் காடாவே இருக்கட்டும்டா" என்றேன். மருமகள்தான், "எழுதிடுங்க அத்தை. பின்னாடி எங்களுக்குள்ள சண்டை வராது பாருங்க" என்றாள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வில்லங்கச் சான்று எடுக்க அவனே கிளம்பினான்.

நிலமே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும்தான் முதலில். ஆனால் நிலமோ தோப்போ உங்கள் பேரில் இருந்து, அதைப் பற்றி மனதில் ஒரு ஆசையும் இருந்தால், சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். எழுதிவையுங்கள்.

பேத்தி அடுத்து என்ன கேட்டாள் தெரியுமா? "நம்ம காட்டுல முயல் வருமா பாட்டி?"

வரட்டும் என்றுதானே இத்தனையும்!